பட்டத்தின் விலையும் பயனும்

பொதுச் சுகாதாரப் பட்டம் ஒன்றைப் பெற்றுவிட்டால் பிள்ளையின் வாழ்வு மலர்ந்துவிடும் என்றெண்ணி, நகையை அடகு வைக்கவும் நிலத்தை ஈடு வைக்கவும் பெற்றோர் துணிகின்றனர். எந்தப் பட்டத்திற்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்கிறோம். அது யாருடைய பிணியைத் தீர்க்கும் என்று கேட்கிறோமா? டயகமத் தோட்டத்து லயத்தின் வாசலில் நின்று அக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையம் இரு காரியங்களுக்குக் கை கொடுத்தது. ஒன்று, பால்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் நிறுவிய சுகாதாரக் கல்லூரி. மற்றொன்று, இலங்கைத் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம். தொழிலாளர் மருந்துண்டனர், புழு வெளியேறியது. ஆனால் லயங்களிலே போதிய மலசலகூடங்கள் இல்லை. மாசுபட்ட மண்ணில் வெறுங்காலுடன் நடந்தோரை நோய் மீண்டும் பற்றியது. கழிப்பிடமும் தூய நீரும் இன்றி மருந்து மட்டும் பயனளியாது என்பதைத் தோட்டத்து மண் அன்றே உணர்த்திற்று.

அந்தக் கல்லூரியில் முதுமாணிப் பட்டம் பெற இன்று கட்டணம் மட்டுமே 50,000 டாலருக்கு மேல். தோட்டத் தொழிலாளி ஒருவரின் இருபதாண்டுக் கூலியும் அதற்கு ஈடாகாது! நம் நாட்டிலோ, 1926இல் சுகாதாரப் பகுதியாகத் தொடங்கி வளர்ந்த களுத்துறை நிறுவகம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் மருத்துவிச்சிகளையும் கட்டணமின்றிப் பயிற்றுகிறது. பயிலுங் காலத்தில் படியும் கிடைக்கிறது.

உயர் பட்டம் வேண்டாமென்பது நம் வாதமன்று. 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டங்களிலோ முப்பத்திரண்டு பேர். இதனைக் கணக்கிட்டுக் காரணம் ஆராய அறிஞர் வேண்டும். ஆனால் குழந்தையை நிறுத்துப் பார்க்கவும், கர்ப்பிணிக்கு அவள் மொழியிலே அறிவுரை கூறவும், பீலித் தண்ணீரைப் பரிசோதிக்கவும் லயத்துப் படியேறி வருபவர் வேண்டும். குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது இந்தப் பயிற்சியே.

அப்படியாயின் மலையகப் பிள்ளைகள் ஏன் திரளாக அங்கே செல்லவில்லை? பரிசோதகர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்றிருக்க வேண்டும். தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு இலவசப் பயிற்சியும் எட்டாக் கனியே! வாயிலில் கட்டணமில்லை, வாயிலுக்குச் செல்லும் பாதைதான் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று: மலையகப் பாடசாலைகளில் தமிழ்மொழி மூல விஞ்ஞான வகுப்புகள், பயிற்சி நிலையங்களில் மலையக இளைஞர்க்குரிய இடங்கள், பயின்றோர்க்குத் தோட்டப் பகுதிகளிலேயே நியமனம்.

கற்றறிந்த பெரியோர்களே! விவசாயப் பெருமக்களே! அயல்நாட்டுப் பட்டம் ஒன்றிற்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு விஞ்ஞான ஆசிரியர் சிலருக்குப் பல்லாண்டு ஊதியம் வழங்கலாம். ஒரு வீட்டில் தொங்கும் பட்டமா, ஊரெல்லாம் பெறும் நலமா? எது இலாபம் என்பதைச் சிந்தியுங்கள்!