'டிஎம் பண்ணுங்க' போதாது: ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் தேடும் விளம்பரத்தில் என்ன இருக்கணும்?

"கன்டென்ட் ரைட்டர் தேவை. தமிழ், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். தகுதிக்கேற்ற ஊதியம். ஆர்வமுள்ளவர்கள் டிஎம் செய்யவும்."

லிங்க்ட்இன்னிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் இது. போட்ட கொஞ்ச நேரத்தில் இன்பாக்ஸ் நிரம்பிவிடும். திறந்து பார்த்தால் "ரேட் எவ்வளவு?" என்ற கேள்விகளும், ஏஐ எழுதிக் கொடுத்த ஒரே மாதிரி அறிமுகக் கடிதங்களும்தான். நிஜமாகவே எழுதத் தெரிந்தவர் அந்தப் பதிவைத் தாண்டி ஸ்க்ரோல் பண்ணிப் போயிருப்பார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விண்ணப்பம் எழுதச் செலவாகும் அரை மணி நேரம்கூட அவருடைய கைக்காசுதான்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது பணம். 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்பதற்கு அர்த்தமே இல்லை. பேரம் பேசிக் குறைக்கப் பார்ப்பார்கள் என்றுதான் அனுபவசாலிகள் அதைப் படிப்பார்கள். தொகையை மட்டும் சொன்னாலும் போதாது. 1,000 வார்த்தைக் கட்டுரைக்கு 2,000 ரூபாய் என்றால், வார்த்தைக்கு 2 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று பேரிடம் பேட்டி எடுத்து, இரண்டு முறை திருத்தியும் தர வேண்டும் என்றால் அது மூன்று நாள் வேலை. நாளுக்கு 700 ரூபாய்கூட வராது. எனவே எத்தனை வார்த்தை, பேட்டி உண்டா, எத்தனை முறை திருத்தம் ஆகியவையும் தொகைக்குப் பக்கத்திலேயே இருக்கணும்.

பணம் எப்போது வரும் என்பதும் அதே அளவு முக்கியம். 'உத்யம்' பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்வோருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம். தனியாக எழுதிச் சம்பாதிப்பவரும் இந்தப் பதிவைச் செய்துகொள்ளலாம். நியூயார்க் நகரில் 2017 முதல், 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தமே கட்டாயம். இங்கே அப்படி ஒரு கட்டாயம் வரும்வரை, "இன்வாய்ஸ் கொடுத்த 15 நாளில் பணம்" என்ற ஒரு வரியை விளம்பரத்திலேயே போட்டுவிடலாம். சொன்ன தொகை டிடிஎஸ் பிடிப்பதற்கு முன்பா, பின்பா என்பதையும் சேர்த்தால் பிறகு மனக்கசப்பு வராது.

அடுத்து, வேலை என்ன? 'கன்டென்ட்' என்பது ஒரு வேலையின் பெயர் அல்ல. மியூச்சுவல் ஃபண்ட் ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் எழுதுவதும், மருத்துவமனைக்கு நீரிழிவு பற்றி விளக்கக் கட்டுரை எழுதுவதும் ஒன்றா? யார் படிக்கப் போகிறார்கள், மாதத்துக்கு எத்தனை, எழுதியவர் பெயர் வருமா, ஏஐ பயன்படுத்தலாமா கூடாதா என்று நேரடியாகச் சொன்னால், பொருந்தாதவர்கள் தானாகவே விலகிவிடுவார்கள்.

'சாம்பிள்' விஷயத்தில்தான் பல நிறுவனங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கின்றன. 1,000 வார்த்தையில் இலவசமாக ஒரு 'டெஸ்ட் ஆர்ட்டிகிள்' கேட்பது நியாயமே இல்லை. ஏற்கெனவே வெளியான இரண்டு கட்டுரைகளின் லிங்க் கேட்கலாம். அதுவும் போதவில்லையா? காசு கொடுத்து ஒரு சின்ன வேலை செய்யச் சொல்லிப் பார்க்கலாம்.

பலர் மறந்துவிடுவது காப்புரிமை. "காசு கொடுத்தாச்சு, இனி கட்டுரை நம்முடையது" என்று நினைப்பது தவறு. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதியது பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதியது, அவர் கையெழுத்திட்டு எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அவருக்கே சொந்தம். அப்படி எழுதும்போது எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். முழு உரிமையும் வேண்டும் என்றால் விளம்பரத்திலேயே சொல்லி, அதற்கேற்ற விலையும் கொடுப்பதுதான் முறை.

இதையெல்லாம் எழுதினால் விளம்பரம் பெரிசாகிவிடாதா? ஆகாது. இப்படிப் போட்டால் போதும்:

"முதல் முறை வரி கட்டுபவர்களுக்காக, எளிய தமிழில் மாதம் 4 கட்டுரைகள் எழுத ஆள் தேவை. தலா 800 வார்த்தை, ஒரு நிபுணர் பேட்டி, ஒரு முறை திருத்தம். கட்டுரைக்கு 4,000 ரூபாய், டிடிஎஸ் பிடித்தம் உண்டு. இன்வாய்ஸ் தந்த 15 நாளில் பணம். உங்கள் பெயரோடு வெளியாகும், முழு உரிமை எங்களுக்கு. ஏஐ வைத்து எழுதக் கூடாது. வெளியான இரண்டு கட்டுரைகளின் லிங்க்கை 20-ம் தேதிக்குள் மெயிலில் அனுப்பவும். 27-ம் தேதிக்குள் அனைவருக்கும் பதில் வரும்."

ஃபோன் திரையில் ஒரே பார்வையில் படித்துவிடலாம். ஆள் கிடைத்ததும் அதே பதிவில் 'இடம் நிரம்பிவிட்டது' என்று சேர்த்துவிட்டால், அடுத்த வாரம் வருபவருக்கும் அரை மணி நேரம் மிச்சம்.