நாணய வடிவப் பற்றறியும் பிள்ளைகளின் மின்பலகையும்

இங்கிலாந்திலே 2016ஆம் ஆண்டு முதல் பாடசாலை மாணவருக்கு வழங்கப்பெற்ற மைக்ரோபிற் என்னும் சிறு மின்பலகையை எமது வாசகர் பலர் தம் பிள்ளைகளின் மேசையிற் கண்டிருப்பர். புளூடூத் அலைகளால் தொலைபேசியுடன் பேசவல்ல அப்பலகை, இரண்டு 'ஏஏஏ' பற்றறிகளால் இயங்குவது. பிள்ளைகளோ அதனைக் கைக்கடிகாரம்போற் கட்டிக்கொள்ள விரும்பி, நாணய வடிவான சிஆர்2032 பற்றறியைத் தேடுகின்றனர். அதுவும் 3 வோல்ற்று, இதுவும் 3 வோல்ற்று. பின் என்ன வேறுபாடு என்பது அவர்தம் கேள்வி.

நியாயமான கேள்வியே. கலைப் பட்டதாரிகளாகிய நாமும் விளங்கிக்கொள்ளக்கூடிய விடை அதற்குண்டு. கிணற்றிலே நீர் இருப்பது ஒன்று. அதனை அள்ளும் வேகம் வேறொன்று. சிஆர்2032இல் ஏறத்தாழ 220 மில்லி அம்பியர் மணி மின்சாரம் உண்டு. ஆனால் துலாவிலே பட்டைக்குப் பதில் சிரட்டையைக் கட்டியதுபோல, அதிலிருந்து சிறிது சிறிதாகவே அள்ளலாம். காரணம் அதன் உட்தடை. அதனை 15 ஓம் எனக் கொள்வோம். வைஃபை பொருத்திய ஈஎஸ்பி32 பலகை அலை பரப்புங்கணத்தில் 200 மில்லி அம்பியருக்கு மேல் கேட்கும். அந்த 200ஐ 15ஆற் பெருக்கினால் 3 வோல்ற்றும் பற்றறிக்குள்ளேயே கரைந்துவிடும். பலகை மீண்டும் மீண்டும் அணைந்து எழும். பழுதென்று எண்ணி அதனை எறிந்துவிட வேண்டாம்.

குறைவலு புளூடூத் பலகைக்கு 10 மில்லி அம்பியர் அளவே போதுமாதலால் இழப்பு 0.15 வோல்ற்றுதான். பற்றறிக்குக் குறுக்கே 100 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை இணைத்தல் நன்று. அது கிணற்றடித் தொட்டி போன்றது. மெல்ல நிறைந்து, வேண்டியபோது ஒருமிக்கக் கொடுக்கும். பலகை பெரும்பாலும் உறங்கி, சராசரி 10 மைக்ரோ அம்பியரே செலவிடுமாயின், கணக்குப்படி இரண்டரை ஆண்டு ஓடும். எந்நேரமும் எரியும் சிவப்பு விளக்கொன்று 2 மில்லி அம்பியர் குடித்தாலோ ஐந்து நாள் தாங்காது!

பற்றறி பூட்டியிருக்கையில் கணனியின் யூஎஸ்பி வடத்தைச் செருகலாகாது. இப்பற்றறி மின்னேற்றத்தக்கதன்று, மின்சாரம் அதனுட் பாய்ந்தால் சூடேறி வெடிக்கவுங்கூடும்.

இவற்றிலும் முக்கியமானது, வீட்டிலே தவழும் குழந்தை. 20 மில்லிமீற்றர் அகலமான இந்த வட்டம் சிறு குழந்தையின் உணவுக்குழாயிற் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துள் தசையை எரித்துவிடும். 'செத்த' பற்றறியும் இதைச் செய்யும். எனவே திருகாணியால் மூடும் பெட்டியன்றி வேறெதிலும் அதனை வைக்கலாகாது. விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே போதும். குழந்தை நன்றாக விளையாடினாலும் காத்திராது, வாந்தியெடுக்கச் செய்யாது, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரையுங்கள். ஆங்கிலம் தடையாயின் 'பட்டன் பற்றறி' என்ற இரு சொற்களை வாசலிலேயே சொல்லுங்கள். பற்றறி வந்த உறையையும் காட்டுங்கள்.

தீர்ந்த பற்றறியின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, பெரிய கடைகளிலுள்ள பழைய பற்றறிப் பெட்டியில் இடலாம்.