பகைவன் போன பிறகும் திரும்பாத ஓட்டு

சுதந்திர மாதத்தையொட்டி சுங்கை பாக்காப்பில் வெளிவந்த மலர் ஒன்றில், ஒரு நாடு உருப்பட வேண்டுமானால் அதற்கு வெளியே ஒரு பகைவன் வேண்டும் என்று நண்பர் ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். சான்றுக்கு அவர் இழுத்து வந்திருப்பது 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நம்மீது நடத்திய கொன்ஃப்ரோந்தாசி என்ற மோதல். அந்தப் பகைதான் நம்மை மலேசியர்களாக்கியது, அப்போது சில உரிமைகள் சுருக்கப்பட்டன என்றால் அது தேசம் கேட்ட சிறு விலை, தமிழர்கள் இன்றும் அந்த முழக்கத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். வரலாறு படித்தவர் என்று ஊரில் பெயரெடுத்தவர் என்பதால் இதைப் பேசாமல் விட மனமில்லை. படிக்காதவர் சொல்லியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன்.

முதலில் அந்த ஒற்றுமையை எடுத்துக்கொள்வோம். 1963 ஜனவரியில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ எதிர்ப்பை அறிவித்தார். அதிபர் சுகார்னோ மலேசியாவை நொறுக்குவோம் என்று முழங்கினார். 1964 ஆகஸ்டில் பொந்தியானில் படகில் வந்தும், செப்டம்பரில் லாபிஸில் வானிலிருந்து குதித்தும் இந்தோனேசியப் படையினர் தீபகற்பத்துக்குள்ளேயே இறங்கினார்கள். நண்பரின் சூத்திரப்படி நாடு ஒரே உடலாக இறுகியிருக்க வேண்டிய நேரம் அது. நடந்தது என்ன? 1964 ஜூலையில் சிங்கப்பூரில் இனக்கலவரம், செப்டம்பரில் மறுபடியும் கலவரம். 1965 ஆகஸ்ட் 9 அன்று, கொன்ஃப்ரோந்தாசி முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கும்போதே, சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்தது. பகைவன் வாசலில் நிற்கும்போது இரண்டாகப் போன வீட்டைக் காட்டி, பகைதான் வீட்டை ஒட்டவைத்தது என்கிறவரின் எட்டுப் பக்கத்தில் சிங்கப்பூர் என்ற பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நம்புகிறவர், உண்பவருக்குக் கண் இருக்கிறது என்பதையாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

எல்லைக்கு அந்தப்புறம் அந்த முழக்கம் என்ன சாதித்தது என்றும் அவர் கேட்கவில்லை. விலைவாசி தறிகெட்டு ஏறிக்கொண்டிருந்த நாட்டில், சோறு கேட்ட மக்களுக்குச் சுகார்னோ கொடுத்தது மலேசியா என்ற எதிரியை. 1965 செப்டம்பர் 30க்குப் பிறகு அங்கே லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், நம்முடைய துப்பாக்கியால் அல்ல, அவர்கள் நாட்டு ராணுவத்தாலும் அதன் துணையோடு திரண்ட கூட்டங்களாலும். தேசபக்தி உரமாகும் என்கிறார் நண்பர். எந்தப் பயிருக்கு உரம் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

அவருடைய இரண்டாவது வாதத்தில்தான் உண்மையான விஷம் இருக்கிறது. சிறு விலை என்று அவர் பூசி மெழுகுவது ஊராட்சித் தேர்தலை. 1965 மார்ச் முதல் தேதி, கொன்ஃப்ரோந்தாசியைக் காரணம் காட்டி துங்கு அப்துல் ரஹ்மான் அரசு ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று நாடாளுமன்றத்தில் உறுதியும் சொல்லப்பட்டது. போர்க்காலத்தில் தேர்தல் எப்படி நடத்துவது என்று நண்பர் நியாயம் கேட்கிறார். ஐயா, 1963 ஏப்ரலிலேயே சரவாக் எல்லையில் தாக்குதல் தொடங்கிவிட்டது. அதற்கு ஒரு வருடம் கழித்து, 1964 ஏப்ரலில், இதே நாட்டில் பொதுத்தேர்தல் நடந்து, ஆளும் கூட்டணி கட்சி தீபகற்பத்தின் 104 இடங்களில் 89ஐ வென்றது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும்போது ஆபத்தில்லாத பகைவன், லோங்காங்கையும் குப்பையையும் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடும்போது மட்டும் எப்படி ஆபத்தானவன் ஆனான்? தரையிறங்கல் அதற்குப் பிறகுதானே என்று அவர் தப்பிக்கப் பார்க்கலாம். அப்படியே வைத்துக்கொள்வோம். 1966 ஆகஸ்ட் 11 அன்று ஜகார்த்தாவில் அமைதி உடன்பாடு கையெழுத்தானதே, அன்று போன ஆபத்தோடு தடையும் ஏன் போகவில்லை?

விடை ஜார்ஜ்டவுனில் இருக்கிறது, அதனால்தான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவர் அதைத் தொடாமல் சுற்றிப் போகிறார். மலாயாவிலேயே முதல் நகராண்மைத் தேர்தல் நடந்தது 1951இல், அந்த நகரத்தில். 1957இல் அது மாநகரானபோது முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன், ஒரு தமிழர். அறுபதுகளில் மாநகர் மன்றம் சோசலிஸ்ட் முன்னணியின் கையில் இருந்தது. மாநில அரசோ கூட்டணி கட்சியின் கையில். 1965இன் தொடக்கத்தில் எதிர்க்கட்சித் தலைவர்களான புர்ஹானுதீன் அல்-ஹெல்மி, இஷாக் முகமட், துங்குவின் அமைச்சரவையிலேயே விவசாய அமைச்சராக இருந்த அப்துல் அஜீஸ் இஷாக் ஆகியோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். 1966இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரம் மாநில அரசிடம் போனது. வெளியிலிருந்து வந்த பகைவனுக்குப் பூட்டிய கதவு, உள்ளூர் எதிர்க்கட்சியின் முகத்தில் சாத்தப்பட்டது. இதைச் சிறு விலை என்பவர், விலை கொடுத்தது யார், பொருளை வாங்கிக்கொண்டு போனது யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் ஊழல் இருந்தது என்று ஒரு வரியில் தூவிவிட்டுப் போகிறார். இருந்தது என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். அதை விசாரிக்கத்தானே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் வைத்தார்கள்? அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ம.இ.கா. தலைவர்களில் ஒருவர், ஆளும் தரப்பு ஆள். நாடு முழுதும் கேட்டறிந்து 1968இல் அந்த ஆணையம் கொடுத்த அறிக்கை, குறைகளைச் சுட்டிவிட்டு, தேர்தல் மீண்டும் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 15ஆவது பிரிவில் தேர்தலுக்கு நிரந்தரமாக முற்றுப்புள்ளி வைத்தது. தமிழர்களின் பங்களிப்பைப் பற்றி ஒரு பக்கம் உருகி எழுதியவருக்கு ஆதி நாகப்பன் மட்டும் நினைவுக்கு வராமல் போனார்.

கடைசி ஆயுதமாக 1969 மே 13 இனக்கலவரத்தை எடுக்கிறார்: ஊராட்சித் தேர்தல் வந்தால் இனக்கலவரம் வருமாம். 1969இல் ஊராட்சித் தேர்தல் நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. கலவரம் வந்தது பொதுத்தேர்தலை அடுத்து. அதற்காகப் பொதுத்தேர்தலை யாரும் ஒழிக்கவில்லை. முடக்கப்பட்ட நாடாளுமன்றம் 1971இல் திரும்பிவிட்டது. மக்களுக்குப் பக்குவமில்லை என்கிறவர், 2024 ஜூலை 6 அன்று நம் சுங்கை பாக்காப் இடைத்தேர்தலில் எங்கே இருந்தார்? மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றோம், தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசினோம், பாஸ் கட்சி தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டது, மறுநாள் அவரவர் வேலைக்குப் போனோம். சட்டமன்றத்துக்கு இருக்கிற பக்குவம் மாநகர் கழகத்துக்கு வரும்போது எங்கே ஓடிவிடுகிறது? நியமனத்தில் பதவிக்கு வந்து பழகியவர்களுக்கு ஓட்டு என்றால் கசக்கும். நண்பரின் தத்துவம் அந்தக் கசப்புக்குக் கட்டிய பட்டுத்துணி. இதில் கட்சிக்குக் கட்சி வேறுபாடும் இல்லை: 2012இல் பினாங்கு அரசு ஊராட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றி, 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது, அன்று அதற்காகப் போராடியவர்கள் பின்னர் புத்ராஜெயாவில் அமர்ந்தும் அந்த 15ஆவது பிரிவு சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

முழங்குங்கள் என்று தமிழர்களைப் பார்த்து அவர் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிரிட்டனும் ஜப்பானும் முட்டிக்கொண்டபோது சயாம் மரண ரயில் பாதையில் போய் மடிந்த பல்லாயிரம் பேர் யார்? நம் தோட்டத்துத் தமிழர்கள். இங்கேயே பால்மரம் வெட்டி முதுமையடைந்தும் குடியுரிமையில்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி வைத்திருந்த ஒரே காரணத்தால், 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறியவர்கள் யார்? தேசங்கள் உரசிக்கொள்ளும்போதும், தேசியம் உள்ளுக்குள் திரும்பும்போதும், முதலில் நசுங்குவது இவர்கள்தான். நிலமும் முழக்கத்தால் வருவதில்லை: சிப்பாடான், லிகித்தான் தீவுகள் 2002இல் ஹேக் நீதிமன்றத் தீர்ப்பால் நமக்கு வந்தன, இந்தோனேசியா தோட்டா ஒன்றுகூடச் சுடாமல் அதை ஏற்றுக்கொண்டது.

நம் ஊர் அடங்கிய செபராங் பிறை நகராண்மைக் கழகம் 1976இல் அமைந்தது, 2019இல் மாநகர் கழகமானது. வீட்டு வரியை நாம் தவறாமல் கட்டுகிறோம். அதன் உறுப்பினர் ஒருவரைக்கூட சுங்கை பாக்காப் இன்றுவரை ஓட்டுப் போட்டு அனுப்பியதில்லை.