ஆசாரி கேக்குற கேள்வியைக் கடைக்காரர் கேக்க மாட்டார்

எங்க ஊர் ஆசாரிகிட்டப் போய் "ஒரு மம்முட்டி வேணுமுங்க" என்றால் அவர் விலை சொல்ல மாட்டார். "எந்தக் காட்டுக்குங்க தம்பி?" என்று கேட்பார். மேட்டுக்காட்டுச் சரளைக்கா, கீழ்க்காட்டுக் களிமண்ணுக்கா, வாய்க்கால் திருப்பவா, மஞ்சளுக்குப் பாத்தி கட்டவா? அடுத்த கேள்வி, யார் பிடிக்கப் போறாங்க என்பது. நான்தான் என்றால் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். அவருடைய அளவெடுப்பு அவ்வளவுதான். நாலு நாள் கழித்து வாங்கி வந்து மண்ணில் போட்டால், இடுப்பு வலிக்காமல் அரை ஏக்கர் வெட்டலாம்.

சரளைக்கு இலை குறுகலாகவும் கொஞ்சம் கனமாகவும் இருக்கணும். அகலமான இலை கல்லில் பட்டு கை அதிரும். களிமண்ணுக்கு மெல்லிய இலை, இல்லாவிட்டால் மண் அப்பிக்கொண்டு மம்முட்டி இரண்டு மடங்கு எடையாகும். காம்புக்கும் இலைக்கும் நடுவில் உள்ள சாய்வு ஆளுக்கு ஆள் மாறும். உயரமான ஆள் விரிந்த சாய்வு கேட்பார், குள்ளமான ஆளுக்கு அது ஆகாது. கடையில் தொங்கும் மம்முட்டி எல்லாம் ஒரே சாய்வு.

எங்க அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். கருக்கருவாளில் பல் ஒரு பக்கமாகத்தான் வெட்டியிருக்கும். வலது கைக்காரருக்காகச் செய்தது இடது கையில் வழுக்கும். அம்மா நாற்பது வருசமா ஆசாரி பல்லை மாத்தி வெட்டிக் கொடுத்த அருவாளில்தான் கதிர் அறுத்தாங்க. இறக்குமதியான அருவாள் ஒன்றை மூணு வருசத்துக்கு முன்னாடி வாங்கிக் கொடுத்தேன். வழவழன்னு பிளாஸ்டிக் கைப்பிடி. ஒரே நாள் பிடிச்சுட்டு, "இது என் கைக்குப் பேசலைடா"ன்னு சொல்லி எரவாணத்துல சொருகிட்டாங்க.

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். சென்னையில் வேலை, லீவு நாளில் கோவளத்தில் அலைச்சறுக்கு பழகுகிறான். "ஏனுங் மாமா, சர்ஃப் பலகையும் இப்படித்தான். கையால செதுக்குறவர் நம்ம எடை என்ன, உயரம் என்ன, எந்தக் கடல்ல, எவ்வளவு அலையிலன்னு கேட்டுத்தான் செய்வாரு. ஃபேக்டரி பலகை ஒரே அச்சுல ஆயிரக்கணக்குல வரும், விலையும் கம்மி" என்றான். எனக்குக் கடலும் தெரியாது, பலகையும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விகள் தெரியும். எங்க ஆசாரி கேட்கிற அதே கேள்விகள்.

என் தப்பையும் சொல்லிடுறேன். அந்த அருவாள் வாங்கின வருசம்தான் களையெடுக்கும் மிஷின் ஒண்ணும் வாங்கினேன், அதுவும் இறக்குமதிதான். மரவள்ளிக் காட்டில் முதல் வருசம் நல்லா ஓடியது. ரெண்டாம் வருசம் கியர் போச்சு, உதிரிபாகம் கிடைக்கலை. இப்ப அது மாட்டுக் கொட்டாயில் கோழி ஏறி அடையுற இடம். மிஷினே வேண்டாம்னு சொல்ல வரலைங்க. களைக்கு ஆள் கிடைக்காத காலம் இது, மிஷின் இல்லாமல் முடியாது. என் குறை வேற. மிஷின் வாங்கின ஜோர்ல கைக்கருவியையும் கடையிலேயே வாங்கிப் பழகிட்டேன். ரெண்டு கிலோமீட்டரில் இருந்த பட்டறைக்கு மூணு வருசம் போகலை. போனப்போ துருத்தி பாதி நாள் ஓடுறதில்லைன்னு தெரிஞ்சது. பையன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுற பட்டறைக்கு வெல்டிங் வேலைக்குப் போயிட்டான். அங்க மாசச் சம்பளம். இங்க என்னை மாதிரி ஆளுங்க.

விலைக் கணக்கு பார்ப்போம். கடை மம்முட்டி நான் வாங்கினது 280 ரூபாய். ஆசாரி 550 கேட்கிறார். ஆனால் கடைச் சரக்கு தேய்ந்தால் பழைய இரும்புக்காரனுக்குத்தான். ஆசாரி செய்தது தேய்ந்தால் முனையில் புது இரும்பு வைத்துத் தட்டிக் கொடுக்கிறார், 120 ரூபாய். என் கையில் இருப்பது ஆறாவது வருசம் ஓடுது, ரெண்டு தடவை முனை வெச்சாச்சு. டாடா அக்ரிகோ மாதிரி நல்ல கம்பெனி மம்முட்டியும் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. அதுவும் சாய்வு கேட்டுச் செய்து தராது.

இரும்பு எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? லாரியின் ஸ்பிரிங் பட்டை. லாரிக்குப் பேர் போன நாமக்கல்லில் பழைய பட்டைக்குப் பஞ்சமே இல்லை. அது கரி அதிகம் உள்ள எஃகு, பல டன் பாரத்தை வளைஞ்சு வளைஞ்சு தாங்கினது. கரியில் சிவக்கக் காய்ச்சித் தட்டி, விளிம்பை மட்டும் தண்ணியில் முக்கி எடுப்பார். பிறகு நிறத்தைப் பார்ப்பார். உள்ளே மிச்சமிருக்கும் சூட்டில் விளிம்பு வைக்கோல் நிறத்துக்கு வரும், அதைத் தாண்டினால் ஊதா. எந்த நிறத்தில் மறுபடி தண்ணியில் விடணும் என்பதில்தான் தொழிலே இருக்கு. முந்தினால் கல்லில் பட்டுப் பொரியும், பிந்தினால் மழுங்கும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கலை.

இது இன்னைக்கு வந்த கதையும் இல்லை. சேலத்துக்குப் பக்கத்துல கஞ்சமலையில் காந்தம் ஒட்டுற இரும்புக்கல் இருக்கு. அதைக் கரியோடு சின்ன மண் உலையில் உருக்கி இரும்பு எடுத்த ஊர்கள் இந்தச் சீமையில் நிறைய இருந்தன. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை போட்டார், சேலத்துத் தாதுவை நம்பித்தான். அதுவும் நிலைக்கலை. சீமையிலிருந்து மலிவு இரும்பு வந்து இறங்க, கரிக்கு மரமும் அருக, நம்ம மண் உலைகள் ஒவ்வொண்ணா அணைஞ்சு போச்சு. உலை போனாலும் பட்டறை மிஞ்சியது. இப்ப அதுக்கும் வந்திருக்கு. 1980களின் தொடக்கத்தில் வந்த சேலம் உருக்காலை நமக்குப் பெருமைதான். ஆனா அங்க தகடாக உருட்டுறது துருப்பிடிக்காத எஃகு, அதில் டம்ளர் வரும், மம்முட்டி வராது.

பழைய காலத்தைப் பொற்காலம்னு சொல்லவும் எனக்கு மனசில்லை. வருசம் பூரா கொழு தட்டிக் கொடுத்துட்டு, அறுவடைக்குக் களத்து மேட்டில் தானியத்துக்காக ஆசாரி காத்து நின்ன காலம் அது. அளக்கிறவர் மனசு வைச்சாத்தான் மூட்டை நிறையும். அந்த முறை போனது நல்லது. ஆனா அதுக்குப் பதிலா நாம நேர்மையான கூலியைக் கொண்டு வரலை. கடைக்குப் போய் ஒட்டியிருக்கிற விலையைப் பேசாமல் கொடுக்கிறோம், பட்டறையில் நின்னு 50 ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுறோம். நானும் பேசியிருக்கேன். வெக்கமாத்தான் இருக்கு.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல முடியாது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கின விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில், அதில் கொல்லரும் உண்டு. கருவிக்கு 15,000 ரூபாய், பிறகு கடன். பரம்பரைத் தொழிலோடு கட்டிப்போடுதுன்னு அதை ஏத்துக்காத தமிழக அரசு, மானியக் கடனோட கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டு வந்தது. ரெண்டுமே கடன் கொடுக்குது. எங்க ஆசாரிக்குக் கடன் வேண்டாமாம். "வாங்கி என்னத்தங்க தம்பி பண்றது? மம்முட்டி கேட்டு ஆள் வரணுமே" என்றார்.

அங்கதான் என் கோரிக்கை. வேளாண்மைத் துறை மானியத்தில் மம்முட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அருவாள் எல்லாம் சேர்த்துத் தொகுப்பாகக் கொடுக்குது. அந்தத் தொகுப்பை ஒன்றியத்துக்கு ஒன்றியம் அங்கிருக்கிற பட்டறைகளில் செய்து வாங்கலாம். ராசிபுரத்துக்குச் செய்யும் மம்முட்டி ஒண்ணு, காவிரிக்கரை மோகனூருக்கு வேற. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் இதைவிடச் சுலபமாகச் செய்யலாம், டீலர்கிட்ட மொத்தமா வாங்குறதுக்குப் பதிலா மாசி மாசமே பட்டறைக்கு முன்பணம் கொடுத்துட்டாப் போதும். மழைக்கு முந்தின வாரம் எல்லாரும் ஒண்ணா ஓடிப் போய் நின்னா அந்த மனுசன் எத்தனைதான் தட்டுவார்?

அதெல்லாம் நடக்குறப்போ நடக்கட்டும். நான் இந்தத் தடவை ரெண்டு மம்முட்டி, நாலு களைக்கொத்து, அம்மாவுக்கு ஒரு இடதுகை அருவாள் சொல்லி, முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்துட்டேன். பேரம் பேசலை. ஆசாரி நோட்டை எண்ணாமல் மடிச்சு இடுப்பில் செருகிட்டு, "களைக்கொத்து யாருக்குங்க, பொம்பளையாளுகளுக்கா? அப்ப கனத்தைக் குறைச்சுடுறேன்" என்றார். செவ்வாயும் வெள்ளியும்தான் இப்ப பட்டறை திறக்கிறார். காலையில ஏழு மணிக்குள்ள போயிட்டா கரி புகையறதுக்கு முன்னாடி ஆளைப் பிடிக்கலாம்.