மலை சரிவதற்கு முன் சொல்லும் சேதி

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திருவண்ணாமலையில் கொட்டித் தீர்த்தது. மாலையில் தீபமலை அடிவாரத்தில், வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் மண்ணும் பாறையும் உருண்டு விழுந்தன. 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

அடுத்த 12-வது நாள் கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலையை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். மண் ஈரமாகவும் நெகிழ்ந்தும் இருந்தது. பக்தர்கள் மலையேற அந்த ஆண்டு அனுமதி இல்லை. கொப்பரை, நெய், திரி கொண்டு செல்பவர்கள் மட்டுமே ஏறினார்கள். தீபம் வழக்கம்போல் எரிந்தது.

காலங்காலமாக நிற்கும் மலை திடீரென்று ஏன் சரிகிறது? பாறையின் மேல் போர்வை மாதிரி மண் படிந்திருக்கிறது. விடாத மழையில் அந்த மண் நீரைக் குடித்துக் கனக்கிறது. உள்ளே தேங்கும் நீர், மண்ணுக்கும் பாறைக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. பிடி விட்டதும், மண்ணில் புதைந்திருந்த பாறைகளும் சேர்ந்து உருள்கின்றன.

இமயமலையில் பனி சரிவதும் ஏறக்குறைய இதே கதைதான். பழைய பனிக்குள் வலுவற்ற ஓர் அடுக்கு இருக்கும். மேலே புதுப்பனி குவிந்து பாரம் ஏறினால் அந்த அடுக்கு முறியும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் ஆபத்து அதிகம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரைப் பனி மூடியது. அவர்களில் 4 பேர் தமிழகத்துப் பிள்ளைகள்.

மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள் மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை:

* தரையிலோ சுவரிலோ புதிய விரிசல்.
* மரமும் மின்கம்பமும் சாய்வது.
* நன்றாக இருந்த கதவு, ஜன்னல் திடீரென இறுகுவது.
* ஓடைநீர் சட்டென்று கலங்குவது. மழை பெய்யும்போதே ஓடை வற்றினால் இன்னும் ஆபத்து. மேலே எங்கோ மண் அடைத்திருக்கலாம்.
* மலைப்பக்கம் உறுமல் சத்தம், கற்கள் உருளும் ஓசை.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் வெளியேற்றுங்கள். ஓடை வழியே இறங்காமல் பக்கவாட்டில் விலகிச் செல்லுங்கள். பீரோவையும் நகையையும் தேடி உள்ளே போகாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் இப்போதே செல்போனில் பதிந்து வையுங்கள்.

மழை நின்றதும் ஆபத்து நீங்கிவிடாது. ஊறிய மண் காயும் வரை அதிகாரிகள் சொல்லாமல் வீடு திரும்ப வேண்டாம். மலையேறத் தடை என்றால், கிரிவலப் பாதையிலிருந்தே கும்பிடலாம். தீபம் அங்கிருந்தும் தெரியும்.