எட்டு சதவீதத்தில் ஓர் ஆய்வு மையம்

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) 2025 மே 1 அன்று வெளியிட்ட அறிவிப்பை வாசகர்களில் பலர் அன்றிரவே படித்திருப்பீர்கள். வெளிநாட்டு மையத்துக்குத் துணை மானியம் போகும் எந்தத் திட்டத்துக்கும், நேரடி மானியத்துக்கான புதிய ஏற்பாடு வரும்வரை, பணம் இல்லை என்றது அது. புதுப்பித்தலும் ஆண்டுத் தொடர் மானியமும்கூட இதில் அடக்கம். நடப்பு மானியத்தில் அப்போதைக்குக் கை வைக்க மாட்டோம் என்றார்கள். ஆனால் ஐந்தாண்டுத் திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் நிற்கும் மையத்துக்கு, அடுத்த தொடர் மானியக் கடிதம் வரவேண்டிய நாள்தான் கெடு. கர்ப்பிணியைச் சேர்த்து, பிரசவம் முடிந்து 42ஆம் நாள்வரை பின்தொடரும் ஆய்வில் இது என்ன செய்யும் என்பதை நாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த இடைநிறுத்தத்தை எதிர்க்கிறோம். அதற்குப் பிறகு வரும் என்று சொல்லப்பட்ட நேரடி மானியத்தை வரவேற்கிறோம். அதைக் கேட்டு இந்தப் பக்கத்திலேயே பலமுறை எழுதியிருக்கிறோம்.

நேரடியாகப் பெறும் தகுதி நமக்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு பெலகாவி ஒன்று போதும். என்.ஐ.எச். ஆதரவில், மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தோடு சேர்ந்து அங்குள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி நடத்திய மிசோபிரோஸ்டால் மருந்து ஆய்வு 2006இல் லான்செட்டில் வந்தது. 1,620 பெண்கள், பிரசவம் பார்த்தவர்கள் துணைச் செவிலியர்-தாதியர் (ஏ.என்.எம்.). பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு (பி.பி.எச்.) 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆனது. அந்த ஆய்வுக்கென்று உருவானதுதான் அளவுக்கோடு போட்ட விரிப்பு: இடுப்பைச் சுற்றி நாடா, கீழே புனல்போல் குவியும் பை, பையில் மில்லிலிட்டர் கோடுகள். ஏ.என்.எம். குனிந்து கோட்டைப் பார்த்து எழுதினார். கண்ணளவில் நாம் எவ்வளவு குறைத்துச் சொல்லிவந்தோம் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியாவில் கடும் ரத்தப்போக்கையும் அதன் விளைவுகளையும் 60 சதவீதம் குறைத்துக் காட்டிய இ-மோட்டிவ் ஆய்வின் முதல் படியும் அதேவகை விரிப்புதான்.

சரி, நேரடி மானியம் வரட்டும். எந்த விகிதத்தில்?

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு என்.ஐ.எச். பல ஆண்டுகளாகத் தந்துவரும் மறைமுகச் செலவு 8 சதவீதம், அதுவும் உபகரணச் செலவைக் கழித்த தொகையின்மேல். நெறிமுறைக் குழுவின் எழுத்தர், ஜெனரேட்டர் டீசல், தணிக்கையாளர் கட்டணம், படிவங்களைப் பூட்டிவைக்க ஓர் அறை எல்லாம் இதற்குள்தான் வரவேண்டும். மானியம் முடிந்த ஒரு மையத்தில் ஒப்புதல் படிவ மூட்டைகள் வார்டின் துணி அறையில், துவைத்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே கிடந்ததைப் பார்த்திருக்கிறோம். சாவி வார்டு சிஸ்டரிடம். கேட்டால், எட்டு சதவீதத்தில் இதுதான் முடியும் என்றார்கள்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த விகிதத்தை 15 ஆக்க என்.ஐ.எச். முனைந்தது. அங்கே சராசரியே 27, 28; சில இடங்களில் 50ஐத் தாண்டும். 22 மாநிலங்கள் வழக்குப் போட்டன, நீதிமன்றம் தடுத்தது. பதினைந்தில் ஆய்வுக்கூடத்தை நடத்த முடியாது என்றார்கள். உண்மைதான். ஆனால் அதே வளாகங்கள் நம்மோடு பட்ஜெட் போட்டபோதெல்லாம் எட்டைப் பற்றி முனகக்கூட இல்லையே! நமக்காக வழக்காட ஒரு மாநிலமும் இல்லை.

இதுவரை கணக்கும் அறிக்கையும் முதன்மை நிறுவனத்தின் தலையில் இருந்தன. நேரடி மானியத்தில் அவையும் நம் தலையில் ஏறும், விகிதம் ஏறாது. துணை மானியப் பணம் எங்கே போகிறது என்று சரியாகத் தெரியவில்லை என்பது இந்த மாற்றத்துக்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. கணக்கெழுத ஆள் வைக்கக் காசு தராதவர் கணக்குக் கேட்கிறார்!

டெல்லியும் சும்மா இல்லை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டு நிதியைப் பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்ற முடியாது. ஒரு மருத்துவக் கல்லூரி நேரடி மானியம் வாங்கினாலும், தாலுகா ஆஸ்பத்திரியோடு சேர்ந்து இயங்கும் தொண்டு நிறுவனத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் தரமுடியாது. கிராமத்துப் பிரசவத்தை எட்டாத தாய்நல ஆய்வு யாருக்கு? இதைச் சுகாதார அமைச்சகமாவது உள்துறையிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

புதிய ஏற்பாடு 2025 செப்டம்பர் 30க்குள் வரும் என்றார்கள். மையங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுத்தர், தணிக்கை, ஆவணக் காப்பு மூன்றையும் நேரடிச் செலவுத் தலைப்பில் தனித்தனி வரியாக, காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். மறுத்தால், மறுப்புக் கடிதத்தின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.