கும்மட்டம் சுற்றவில்லை! காரணம் என்ன?

வானத்தை ஆராய்ந்து பார்ப்பதற்குக் கல்லூரிப் பட்டமும், பெரும் பணமும், சர்க்கார் கட்டடமும் வேண்டுமென்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்திருக்கும் கும்மட்டத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, "அது பெரியவர்கள் சமாச்சாரம்" என்று சொல்லிப் போய்விடுகிறார்கள்.

கும்மட்டம் என்பது என்ன? கண்ணாடியை மழைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் காப்பாற்றுகிற ஒரு மூடி. அவ்வளவுதான். அந்த மூடியில் நீளமாக ஒரு திறப்பு. அத்திறப்பை வேண்டிய திசைக்குக் கொண்டு போக அடியில் வட்ட வளையமும் உருளைகளும். பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழல்வதால் பார்க்கிற நட்சத்திரம் திறப்பை விட்டு நகர்ந்துவிடும். ஆதலால் கும்மட்டத்தையும் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும். இதில் மந்திரமும் இல்லை, மர்மமும் இல்லை.

இதை எழுத நேர்ந்ததற்கு நமது சொந்த அனுபவம் ஒன்றே காரணமாகும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நமது வீட்டு மொட்டை மாடியில் வைப்பதற்காக 7 அடிக் குறுக்களவுள்ள பைபர் கிளாஸ் கும்மட்டம் ஒன்றைப் பகுதி பகுதியாக வாங்கி, நாமும் நான்கு தோழர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டி முடித்தோம். மாலையில் தள்ளிப் பார்த்தால் முக்கால் வட்டம் சுற்றிய கும்மட்டம் ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டது. ஆள் பலம் கூட்டித் தள்ளினோம். உருளை ஒன்று கழன்று விழுந்ததே மிச்சம்.

உடனே ஆளுக்கொரு அபிப்பிராயம் கிளம்பிற்று. பக்கத்து வீட்டு அம்மாள், இது கண் திருஷ்டி என்றும், பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும் என்றும் சொன்னார். படித்த நண்பர் ஒருவர், இதெல்லாம் இஞ்சினீயர்கள் வேலை என்றும், எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு இது எதற்கு என்றும் கேட்டார். நாம் என்ன செய்தோம் தெரியுமா? அம்மாளைப் பார்த்துச் சிரித்தோம், நண்பரைக் கோபித்தோம், பிறகு உட்கார்ந்து, "கோணல் சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்" என்று விற்றவருக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டோம். மேடைக்கு மேடை "காரணத்தைக் கேள்" என்று கத்துகிறவர் செய்த காரியம் இது!

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். திருஷ்டி என்பதற்கும், யோக்கியதை இல்லை என்பதற்கும், விற்றவன் மோசக்காரன் என்பதற்கும் என்ன வித்தியாசம்? மூன்றும் அளந்து பார்க்காமல் சொல்லப்பட்டவையே ஒழிய வேறில்லை.

மறுநாள் எங்கள் தெருக் கொத்தனார் ரசமட்டத்தோடு மாடி ஏறினார். மட்டம் பார்த்தார், சரியாக இருந்தது. ஆகவே ஒரு காரணம் கழிந்தது. பிறகு, "அண்ணே, வளையம் வட்டமா இருக்கான்னு அளந்து பாத்தீங்களா?" என்றார். நாம் அளக்கவில்லை! நாடா பிடித்துக் குறுக்கே நாலு பக்கமும் அளந்தால், ஒரு பக்கம் அரை அங்குலம் அதிகம். ஒரு முனையிலிருந்து வரிசையாக ஒவ்வொரு போல்ட்டையும் முழு இறுக்கமாக முடுக்கிக்கொண்டே போனதால், கடைசி இணைப்பு இழுபட்டு வளையம் கோணியிருக்கிறது. எல்லாவற்றையும் தளர்த்தி, வட்டத்தைச் சரிசெய்து, எதிரெதிர் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். பிறகு ஒரு சிறுமி ஒற்றைக் கையால் சுற்றினாள். விற்றவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினோம். முதல் கடிதத்தைவிட அதை எழுதத்தான் அதிக நேரம் ஆயிற்று.

நிற்க. கும்மட்டத்தின் மற்றக் குறைகளும் இப்படிப்பட்டவையே. உள்ளே நீர் சொட்டினால் ஒழுக்கு என்று எண்ணி, இருக்கிற சந்துகளையெல்லாம் அடைக்க ஓடுகிறோம். மழை பெய்யாத இரவிலும் கூரையின் உட்புறம் முழுவதும் துளிகள் படிந்திருந்தால் அது ஒழுக்கல்ல. உள்காற்றின் ஈரம் குளிர்ந்த ஓட்டில் பட்டு நீராவதாகும். அதற்குக் காற்றுப் போக்கு வேண்டும். சந்தை அடைத்தால் ஈரம் இன்னும் அதிகமாகும். இணைப்பு ஓரத்தில் மட்டும், மழையன்று மட்டும் சொட்டினால், அதற்குத்தான் ரப்பர் பட்டை. நோயைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து கொடுத்தால் மருந்தே நோயாகிவிடும்.

நட்சத்திரம் ஆடுகிறதா? கண்ணாடி நிற்கும் தூணைப் பாருங்கள். நாம் நடக்கிற பலகை அதைத் தொடக்கூடாது. 200 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஆட்டத்தையும் 200 மடங்கு ஆக்கியே காட்டும். உருவம் கொதிப்பதுபோல் நெளிகிறதா? பகல் வெப்பம் உள்ளே அடைபட்டிருக்கலாம். சூரியன் மறைந்ததும் திறப்பைத் திறந்து ஒரு மணி நேரமாவது விட்டுவைத்துப் பாருங்கள்.

இனி, யோக்கியதை விஷயத்திற்கு வருவோம். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்திலுள்ள ஸ்பிரிங்பீல்டு, அக்காலத்தில் இயந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த ஊர். 1920-ல் அங்கே ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொடுக்க முன்வந்தபோது, 15 ஆண்களும் 1 பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். தங்கள் கையாலேயே கண்ணாடி தேய்த்தார்கள். 1924-ல் குன்றின்மேல் தங்களுக்கென்று ஒரு கட்டடமும் எழுப்பினார்கள். அங்கே குளிர்காலம் கடுமையானது. அதற்காக வானத்தைப் பார்ப்பதை விட்டார்களா? இல்லை. பார்ப்பவர் கதகதப்பாக உள்ளே இருக்க, கண்ணாடி மட்டும் வெளியே நிற்கும்படி சுழலும் கும்மட்டம் ஒன்றையே 1930 வாக்கில் அமைத்துக்கொண்டார்கள். அந்தப் போர்ட்டரே கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 1948-ல் திறக்கப்பட்ட 200 அங்குலக் கண்ணாடியின் அமைப்பு வேலைக்கும் அழைக்கப்பட்டார். அங்குள்ள கும்மட்டம் சுமார் 1000 டன் எடை. அதற்கும் தத்துவம் ஒன்றே: வட்டம் வட்டமாக இருக்கவேண்டும், மட்டம் மட்டமாக இருக்கவேண்டும்.

ஆகவே நாம் சொல்லுவது என்னவென்றால், உங்கள் வீட்டிலோ, பள்ளிக்கூடத்திலோ, வாசகசாலையிலோ ஒரு கருவி ஓடாமல் கிடந்தால், "நமக்கு இது ஆகாது" என்று துணி போட்டு மூடிவிடாதீர்கள். பிறரைத் திட்டிக் கடிதமும் எழுதாதீர்கள். முதலில் அளவு நாடாவை எடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முட்டாள்தனம் பக்கத்து வீட்டில் மட்டும்தான் குடியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த நமக்கு, அது நம் வீட்டு மொட்டை மாடியிலும் இருக்கிறது என்று காட்டியது அந்த அரை அங்குலம்தான்.